எதனோடு வைத்து நிறுப்பது?

‘வேண்டும்’ என்பதற்கும் ‘தேவை’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அளப்பது எளிதன்று. சிறு பொருள்களை வாங்கும்போது அத்தொலைவை நாம் அறியாமலே கடந்துவிடுகிறோம். வாங்க நினைப்பது ஒரு கார் என்றால், அதுவும் சிங்கப்பூரில் வாங்கும் கார் என்றால், நின்று சிந்திக்காமல் கடத்தல் இயலாது.

அண்மையில் எனக்கு அத்தகைய சிந்தனை வாய்த்தது. என் தாயார் வாரத்திற்கு மும்முறை ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்ல வேண்டியவரானார். 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயில் இத்தீவின் மூலை முடுக்குகளையெல்லாம் இன்று இணைத்திருக்கிறது. ஆயினும், ரயில் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடைப்பட்ட சிறு தொலைவு, சிகிச்சை முடிந்து சோர்ந்து வரும் முதியவருக்குப் பெருந்தொலைவே. ஆகவே, கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். சாதாரணச் சிறு கார் ஒன்றைப் பார்த்தேன். பின்பு உயர்தரச் சிறு கார் ஒன்றையும் பார்த்தேன். இரண்டும் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ‘ஹேட்ச்பேக்’ வகையே. அளவில் பெரிய வேற்றுமை இல்லை, விலையில் இருந்தது.

உயர்தரச் சிறு கார் என்னும் சொற்றொடரிலேயே ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. இவ்வகையில் பெயர்பெற்ற ‘மினி’யின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. குறைந்த எரிபொருளில் நால்வரைச் சுமக்கும் வண்டியை உருவாக்கும் பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளரிடம் வந்தது. அவர் இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் அமைத்தார். சக்கரங்களைப் பத்து அங்குலமாகச் சுருக்கினார். மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய நீளத்தில் பெரும்பகுதியைப் பயணிகளுக்கே ஒதுக்கினார். 1959இல் அவ்வண்டி வெளிவந்தது. சிக்கனமே அதன் தாய். அதே பெயரை 2001இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் புதிய காருக்குச் சூட்டியபோது, அது உயர்தர வண்டியாகச் சந்தைக்கு வந்தது. பற்றாக்குறையில் பிறந்த பெயர் செல்வத்தின் அடையாளமாயிற்று. 2010இல் வந்த ‘அவுடி ஏ1’ காரும், அதைவிட விலை குறைந்த ‘வோக்ஸ்வேகன் போலோ’வின் அடித்தளத்தின் மீதே கட்டப்பட்டது. அடித்தளம் ஒன்றாயிருக்க, கூடுதல் விலை எதற்கு?

‘வீண் பெருமைக்கு’ என்று உடனே விடை கூறுவது அறத்தின் பெயரால் செய்யும் சோம்பல். இருக்கையின் தையல், கதவு மூடும் ஓசை, வளைவில் திரும்பும் நேர்த்தி, ஓட்டத்தின் அமைதி ஆகியவை பொய்யல்ல. யாரோ ஒருவரின் உழைப்பும் நுண்ணறிவும் அவற்றில் உறைந்திருக்கின்றன. நல்ல வேலைப்பாட்டில் மகிழ்வது குற்றமாயின், நல்ல வீணையைத் தேடி அலையும் கலைஞனும் குற்றவாளியே. எனவே, அழகை விரும்பலாமா என்பது இங்கே வினா அன்று. அந்த அழகின் விலையை எதனோடு வைத்து நிறுக்கிறோம் என்பதே வினா.

சிங்கப்பூரில் 1990 முதல், புதிய கார் வாங்குவோர் வாகன உரிமைச் சான்றிதழையும் ஏலத்தில் பெற வேண்டும். அது பத்தாண்டுகளுக்கே செல்லும். 2023இல் சிறிய கார்களுக்கான சான்றிதழின் விலை 100,000 வெள்ளியைத் தாண்டியது. ஒரு பிரிவிலுள்ள கார்கள் அனைத்திற்கும் சான்றிதழின் விலை ஒன்றுதான். எளிய காருக்கும் அதே விலை, பகட்டான காருக்கும் அதே விலை.

இங்கேதான் மனம் வழுக்குகிறது. கணக்கிற்காக, சான்றிதழ் நீங்கலாகச் சாதாரணக் கார் 60,000 வெள்ளி, உயர்தரக் கார் 100,000 வெள்ளி என்று கொள்வோம். இரண்டாவது, முதலாவதைவிட மூன்றில் இரு பங்கு அதிகம். ‘அம்மாடி!’ என்று பின்வாங்குவோம். இரண்டோடும் சான்றிதழுக்கு 100,000 வெள்ளியைக் கூட்டுங்கள். இப்போது 160,000; 200,000. வேற்றுமை கால் பங்குதான்! ‘இவ்வளவு கொடுக்கும்போது இன்னும் கொஞ்சத்திற்கா தயங்குகிறீர்கள்?’ என்று விற்பனையாளர் புன்னகையோடு கேட்டார். என் உள்ளமும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. ஆனால், 40,000 வெள்ளி என்பது சான்றிதழுக்கு முன்னும் 40,000 வெள்ளியே; பின்னும் 40,000 வெள்ளியே. பக்கத்தில் ஒரு பெருந்தொகையை நிறுத்தியதால் அது குறுகித் தெரிந்தது, குறையவில்லை.

இம்மயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. சிறிய இயந்திரம் பொருத்திய உயர்வகைக் கார்கள் பல, சிறிய கார்களுக்குரிய பிரிவில் நுழைந்ததால்தான், 2014இல் அப்பிரிவுக்கு 97 கிலோவாட் என்னும் ஆற்றல் வரம்பு வகுக்கப்பட்டது. பின்னர், அவ்வரம்புக்குள் அடங்குமாறு ஆற்றல் குறைத்த உயர்வகைக் கார்களும் வந்து சேர்ந்தன. சட்டம் வேலி கட்டலாம். ஆசைக்கு வழி காட்டவா ஆள் வேண்டும்? நம் இல்லத் திருமணங்களிலும் இதே குரல் கேட்கிறதன்றோ? ‘இத்தனை ஆயிரம் செலவழிக்கிறோம், மேடை அலங்காரத்திற்கு இன்னும் கொஞ்சந்தானே!’ திருக்குறளில் வலியறிதல் அதிகாரம் வண்டியின் அச்சையே உவமையாக்கிக் காட்டுகிறது. ஏற்றப்படுவது மயிற்பீலியாயினும் அளவு மீறினால் அச்சு முறியும். அச்சை முறிப்பது பெரும்பாறை அன்று. கடைசியாக வைத்த ‘இன்னும் கொஞ்சம்’.

ஆகவே, எடைக்கல்லை மாற்றினேன். 40,000 வெள்ளியைக் காரின் விலையோடு ஒப்பிடாமல், அது என் வாழ்வில் வேறு என்னவாகக் கூடும் என்பதோடு ஒப்பிட்டேன். பத்தாண்டுகளில் மாதத்திற்கு ஏறத்தாழ 333 வெள்ளி. தாயாரைப் பகலில் கவனித்துக்கொள்ளும் உதவிக்கு அது பயன்படும். தட்டு உடனே சாய்ந்தது. உயர்தரக் காரின் மோகம் அகன்றது.

ஆனால், நேர்மையான எடைக்கல்லை ஒருமுறை கையில் எடுத்தால், வேண்டிய இடத்தில் மட்டும் அதை வைக்க முடியாது. சாதாரணக் காரையும் அதே தட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. 160,000 வெள்ளியைப் பத்தாண்டுகளுக்குப் பகிர்ந்தால், பெட்ரோலும் காப்புறுதியும் நீங்கலாகவே மாதம் 1,333 வெள்ளி ஆகிறது. வாரம் மும்முறை போய்வர மாதத்திற்கு 26 டாக்சிப் பயணங்கள். ஒன்றுக்கு 20 வெள்ளி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 520 வெள்ளிதான். ‘தேவை’ என்று நான் ஐயமின்றி நம்பியதற்குள்ளும் ‘வேண்டும்’ என்பது ஒளிந்திருந்தது. தாயாரின் நோயை என் விருப்பத்திற்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தேன். அதை உணர்ந்தபோது நாணினேன்.

நான் கார் வாங்கவில்லை. இதனால் வாங்குவோர் அனைவரும் தவறினர் என்று கூற வரவில்லை. நள்ளிரவில் பணிக்குச் செல்வோரும், சக்கர நாற்காலியோடு நாள்தோறும் அலைவோரும் உளர். அவர்களின் தட்டு வேறு விதமாகச் சாயலாம். வசதி மிக்கவர், எவருடைய பங்கையும் குறைக்காமல் நல்ல வேலைப்பாட்டை விரும்பி வாங்குவாராயின் அதிலும் பழியில்லை. எல்லார்க்கும் பொருந்துவது முடிவு அன்று, நிறுக்கும் முறையே.

கார் நிறுத்துமிடத்தில் அந்த உயர்தரச் சிறு காரைக் காணும்போது இன்றும் என் கண் ஒரு கணம் நிற்கிறது. அதை மறைத்துப் பயனில்லை. பிறகு டாக்சி வருகிறது. ஓட்டுநர் சாலையைப் பார்த்துக்கொள்ள, நான் பின்னிருக்கையில் தாயாரின் அருகே அமர்கிறேன். சொந்தக் கார் வாங்கியிருந்தால், அந்த இருக்கையில் அவர் தனியாக அமர்ந்திருப்பார். இதனை எந்த விலைப்பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை.