சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

பிறருக்காக வாழ்வது என்று முடிவெடுத்தவர்களின் நாள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் கழிகிறது. விடியுமுன் எழுந்து ஜெபம், பூசை. பிறகு பள்ளிக்கூடம், மருந்துக்கட்டு, சமையல், கணக்குநோட்டு. இரவில் மறுபடி ஜெபம். புதுச்சேரியில் வளர்ந்தவள் என்பதால் மடத்துச் சிஸ்டர்களின் இந்த ஒழுங்கு எனக்குப் பழக்கமானது. அதன்மேல் இன்றும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சேவையில் அதைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது: தொடங்கியதை அந்த ஊர்க்காரர் கையிலேயே கொடுத்துவிடுவது.

பிரான்சில் ஆன்-மரி ஜவுஹே 1807-இல் நிறுவிய குளுனி சபையின் கன்னியர், 1819-இல் ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போனார்கள். 1827-இல் நம் ஊருக்கு வந்தார்கள். ரொமேன் ரோலான் வீதியில் அவர்கள் வீட்டில் பெண்கள் பூத்தையல் போடுவதை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

செனகலில் அவர்களுக்குக் கிடைத்தது செயின்ட் லூயி மருத்துவமனை. வெயிலும் காய்ச்சலும் வந்தவர்களையே படுக்கையில் தள்ளிய ஊர் அது. 1822-இல் ஜவுஹே தாமே அங்கே போனார். ஆற்றோரம் பயிர்வைத்துப் பார்த்தார். அந்த மக்களுக்கு அவர்களிடமிருந்தே குருக்கள் வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நாளில் அப்படி நினைத்தவர்கள் குறைவு. செனகல் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அழைத்துப்போய்ப் படிக்க வைத்தார். அவர்களில் தாவீது புவாலா, ழான்-பியேர் மூசா, அர்சேன் ஃபிரிதுவால் ஆகிய மூவர் 1840-இல் குருப்பட்டம் பெற்றார்கள்.

பிறகு நடந்ததைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. ஊர் திரும்பியவர்களுக்கும் அங்கிருந்த அதிகாரிகளுக்கும் ஒத்துப்போகவில்லை. புவாலா பிரான்சுக்கே திரும்பி, அங்கேயே பங்குச் சாமியாராக இருந்து 1901-இல் இறந்தார். ஒருவரைத் தயார்செய்ய ஓர் அம்மையாரின் பிடிவாதம் போதும். தயாரானவரை நம்புவதற்கு ஒரு நிர்வாகம் முழுவதும் மாற வேண்டும்.

மக்களைப் போலவே வாழ்ந்துவிட்டால் அந்த நம்பிக்கை தானாக வந்துவிடுமா? 1792-இல் இந்தியாவுக்கு வந்த பிரெஞ்சுச் சாமியார் அபே துபுவா முப்பது ஆண்டுகள் இந்நாட்டார் போல உடுத்தி, உண்டு, மைசூர்ப் பக்கம் அம்மைப்பால் வைப்பதைப் பரப்பியவர். அந்த உழைப்பு சிறிதல்ல. ஆனாலும் 1823-இல் இந்த மண்ணில் தம் மதம் வேரூன்றாது என்று எழுதிவிட்டுக் கப்பலேறியவர் பிறகு வரவே இல்லை. வேட்டி கட்டிக்கொள்வது சுலபம் என்றே நினைக்கிறேன்.

1844-இல் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய சினடு, அதாவது குருக்கள் மாமன்றம், வேறு திசையில் யோசித்தது. உள்ளூர்க் குருக்கள் வேண்டும், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றது. பெண் எழுத்துப் படித்தால் ஊர் பழிக்கும் காலம். அதே ஆண்டு அக்டோபரில் துப்புய் சாமியார், தமிழ்ப் பெண்களையே கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். அச்சுக்கூடம், அகராதி என்று அவர் செய்தவை பல இருந்தாலும் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்கள் இந்த மண்ணின் பெண்கள்.

அப்படி யோசித்த மறைமாவட்டத்துக்கே முதல் தமிழ்ப் பேராயர் கிடைத்தது 1955-இல்தான், அம்புரோஸ் ராயப்பர். இடையில் 111 ஆண்டுகள்! அதோடும் முடியவில்லை. ஊர்க்காரர் என்றால் எந்தத் தெருக்காரர்? கோயிலுக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவர் 1745-இல் இடிபட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இங்கே தலித் ஒருவர் பேராயர் ஆவது எப்போது என்று தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

இதெல்லாம் என்னைத் தொடுவதற்குக் காரணம் உண்டு. பள்ளியிலிருந்து ஓய்வுபெற்றபின், வைத்திக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருகிறேன். அங்கே படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், சின்னவர்களுக்குக் கணக்கு எடுக்கிறாள். வாய்ப்பாட்டை நான் ஒப்பிக்கச் சொல்வேன். அவள் கடற்கரையில் மீன் ஏலம் போடுவதுபோல நடத்திக் கற்றுத்தருகிறாள். சத்தம் அதிகம், எழுத்து வேலை குறைவு, எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறது.

தாய்மார்கள் சிலர், "நீங்களே எடுங்க டீச்சர், அவ நம்ம வீட்டுப் பொண்ணுதானே" என்கிறார்கள். நம் வீட்டுப் பெண் என்பதால்தான் அவள் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஜூன் முதல் அறைச்சாவியும் வருகைப் பதிவேடும் அவளிடம். எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதும் அவள் முடிவு. அவள் கூப்பிட்டால் போவேன்.