இன்மையை அறிதல்: குடிநீரும் அளவை நூல்களும்

‘இந்த நீர் தூயது’ என்னும் கூற்று நீரில் உள்ள ஏதோ ஒரு பண்பைச் சுட்டுவதுபோல் தோன்றினாலும், ஆராய்ந்து பார்க்குமிடத்து அது நீரில் இல்லாதவற்றைப் பற்றிய கூற்றாகவே முடிகிறது. ஈயம் இல்லை, நோய்க்கிருமி இல்லை, பூச்சிக்கொல்லியின் எச்சம் இல்லை என்னும் பல மறுப்புகளைத் தூய்மை என்ற ஒற்றைச் சொல் தனக்குள் அடக்கி வைத்திருக்கிறது. இல்லாத ஒன்றை மனிதர் எந்த வழியால் அறிகிறார் என்பதோ இந்தியத் தத்துவ மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வந்த சிக்கல். அமெரிக்க வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே குடிநீர் தரும் குழாயும், பெட்டிக்குள் அந்நீரை வடிக்கும் ஓர் உருளையும் இருப்பது பரவலான வழக்கமாகிவிட்ட நிலையில், அந்தச் சிக்கல் அங்குள்ள சமையலறைகளில் நாள்தோறும் எழுகிறது. அவ்வடிகட்டி பிற வீட்டு வடிகட்டிகளைவிட மேலா கீழா என்ற கேள்விக்கு விடை காண முயல்வோர், நீரின் வேதியியலைத் தேடிச் சென்று அறிவின் இயல்பைப் பற்றிய கேள்வியில் வந்து நிற்கின்றனர்.

அறிவு பிறக்கும் வழிகளை வடமொழியாளர் பிரமாணம் என்றும் தமிழ் நூலோர் அளவை என்றும் வழங்கினர். மீமாம்சையின் பாட்ட மரபைத் தோற்றுவித்த குமாரிலர், இன்மையை அறிவதற்கென்றே அனுபலப்தி, அதாவது புலப்படாமை, என்னும் தனி அளவை ஒன்று உண்டு என்றார். தரையில் குடம் இல்லை என்பதைக் கண் நேரே காண்பதில்லை. குடம் புலப்படாமையே அதன் இன்மையை அறிவிக்கிறது என்பது அவர் கருத்து. பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதைத் தனி அளவையாக ஏற்காமல் அனுமானத்துக்குள் அடக்கியதோடு, மிகக் கூர்மையான ஒரு வரையறையையும் சேர்த்தார். இருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்ற தகுதியுடைய பொருளின் புலப்படாமை மட்டுமே அதன் இன்மையை நிறுவும். இடத்தாலோ காலத்தாலோ தன் இயல்பாலோ புலனுக்கு எட்டாத பொருள் புலப்படவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவுகட்ட இயலாது. இதற்கு அம்மரபு காட்டும் எடுத்துக்காட்டு பிசாசு. அறைக்குள் பிசாசு தென்படவில்லை என்பதால் அங்கே பிசாசு இல்லை என்று நிறுவப்பட்டதாகாது, ஏனெனில் இருந்தாலும் அது தென்படாத இயல்புடையதாகவே கருதப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், அபாவம் உட்படப் பல அளவைகளை எண்ணிய பின் அவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று தொகுத்தார். குடிநீரைப் பற்றிய அறிவை இம்மூன்றன் வழியே சோதித்துப் பார்ப்பது பயனுள்ளது.

காண்டல் முதலிலேயே தோற்றுப்போகிறது, அது தோற்கும் விதமும் கவனிக்கத்தக்கது. குளிர்சாதனப் பெட்டியின் மேல்மூலையிலோ அடித்தட்டிலோ செருகப்படும் உருளைக்குள் இருப்பது இறுக்கி அமுக்கிய செயலூட்டிய கரி. கரியை உயர்வெப்பத்தில் நீராவி போன்றவற்றால் பதப்படுத்தி எண்ணற்ற நுண்துளைகள் உண்டாக்கப்படுவதால், அதன் ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு விரிகிறது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து எடுக்கப்படும் கரி இதற்கு மிகவும் ஏற்றது என்பதால், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சுடப்படும் சிரட்டைக் கரி உலகெங்கும் உள்ள சமையலறைகளுக்குச் சென்று சேர்கிறது. நீரில் கரைந்துள்ள கரிமச் சேர்மங்கள் அத்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்வது பரப்புக்கவர்ச்சி எனப்படும். குளோரினோ கரியைத் தொட்டவுடன் வினைபுரிந்து நீங்கிவிடுகிறது. நாவுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் மாற்றம் இந்தக் குளோரின் நீக்கமே. ஆனால் அந்தக் குளோரின், நகராட்சி நீரில் கிருமிகளைக் கொல்வதற்காக வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட காவல். நாக்கு எதை மாசு என்று வெறுக்கிறதோ அதுவே நீரைக் காத்து வந்தது. நாக்கு எதைத் தூய்மை என்று மெச்சுகிறதோ அது காவல் நீங்கிய நிலை. நெடுநாள் மாற்றப்படாத கரியில் நுண்ணுயிர்கள் குடியேறுவதற்கும் இதுவே காரணம். மறுபுறம் ஈயம், ஆர்செனிக், நைட்ரேட் ஆகியவை தீங்கு செய்யும் அளவில் கரைந்திருந்தாலும் நிறமோ மணமோ சுவையோ காட்டுவதில்லை. தர்மகீர்த்தி வகுத்த பிசாசின் வரிசையில் வைக்கப்பட வேண்டியவை இவை.

கருதல், அதாவது அனுமானம், இதைவிட மேலான துணையாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். பெட்டியின் கதவில் ஒரு சிறு விளக்கு பச்சையாக எரிகிறது. பச்சை எரிவதால் வடிகட்டி வேலை செய்கிறது, ஆகவே நீர் தூயது என்று குடும்பத்தார் கருதுகின்றனர். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது செல்லுபடியாவதற்குக் காரணம், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்னும் பிரியாத் தொடர்பு, அதாவது வியாப்தி. விளக்குக்கும் நீரின் தூய்மைக்கும் அத்தகைய தொடர்பு கிடையாது. பெரும்பாலான பெட்டிகளில் அவ்விளக்கு எண்ணுவது ஆறு மாதக் காலத்தை அல்லது வெளியேறிய நீரின் அளவை. நீரை அது ஒருபோதும் சோதிப்பதில்லை. உருளையே பொருத்தப்படாமல் வெறும் மூடி மட்டும் செருகப்பட்ட பெட்டியிலும், பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியக்கூடும். ஏதுப்போலி, அதாவது காரணம்போல் தோன்றும் பொய்க்காரணம், என்று தருக்க நூலோர் விலக்கியது இதைத்தான். கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் பலர் கையில் இதே பிழைக்கு இடமளிக்கிறது. அது அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை. நோய்க்கிருமியும் பூச்சிக்கொல்லியும் அதன் கணக்கில் வருவதில்லை, உயிருக்குத் தீங்கான அளவு ஈயம்கூட அதன் எண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் காட்டாது.

இவ்விரண்டு வழிகளும் அடைபட்டால் என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வில்மிங்டன் நகரம் கண்டது. அந்நகருக்கு நீர் தரும் கேப் ஃபியர் ஆற்றின் மேற்பகுதியில், ஃபேயெட்வில் நகருக்கு அருகிலுள்ள வேதித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து, கார்பனோடு ஃபுளூரின் இறுகப் பிணைந்த, எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் வகைச் சேர்மங்கள் நெடுங்காலமாக ஆற்றில் கலந்து வந்தன. அவற்றுள் ஒன்றான ஜென்எக்ஸ் வழக்கமான சுத்திகரிப்பு முறைகளுக்கு அகப்படாமல் வீட்டுக் குழாய்வரை வந்தது. இதைக் கண்டறிந்த ஆய்வு 2016 நவம்பரில் அறிவியல் இதழொன்றில் வெளியாகியிருந்தும், நகர மக்கள் அதை அறிந்தது 2017 ஜூனில் உள்ளூர் நாளிதழ் எழுதிய பிறகே. அதுவரை நீர் தெளிவாக இருந்தது, சுவை நன்றாக இருந்தது, விளக்குகள் பச்சையாக எரிந்தன.

அதன்பின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் ஸ்டேபிள்டன், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெட்லெஃப் நாப்பே ஆகியோரின் குழுவினர் அம்மாநில வீடுகளில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த வடிகட்டிகளைச் சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். குடிக்கும் இடத்தில் வடிக்கும் 76 கருவிகளும் வீடு முழுமைக்கும் வடிக்கும் 13 அமைப்புகளும் அதில் அடங்கின. அழுத்தத்தால் நீரை மிக நுண்ணிய சவ்வின் ஊடே தள்ளும் எதிர்ச்சவ்வூடு பரவல், அதாவது மக்கள் வழக்கில் ஆர்.ஓ., முறையும், கழுவுதொட்டிக்கு அடியில் பொருத்தும் இருகட்ட வடிகட்டிகளும் ஆராயப்பட்ட பிஎஃப்ஏஎஸ் சேர்மங்களில் பெரும்பாலானவற்றை 94 விழுக்காடோ அதற்கு மேலோ அகற்றின. குளிர்சாதனப் பெட்டி, கூஜா, குழாய்முனை ஆகியவற்றின் கரி வடிகட்டிகள் சராசரியாக 73 விழுக்காடு அகற்றின. அந்தச் சராசரிக்குள் ஏறக்குறைய முழுதும் அகற்றியவையும் ஏறக்குறைய எதையுமே அகற்றாதவையும் இருந்தன. வீடு முழுமைக்குமான சில அமைப்புகளிலிருந்து வெளிவந்த நீரில் சில சேர்மங்கள் உள்ளே சென்றதைவிட மிகுந்திருந்தன, ஏனெனில் நிரம்பிப்போன கரி தான் பிடித்து வைத்ததைத் திரும்ப விடத் தொடங்கியிருந்தது. ஆர்.ஓ. ஈயம், ஆர்செனிக், ஃபுளூரைடு, நைட்ரேட் ஆகியவற்றையும் பெருமளவு குறைக்க வல்லது. ஆனால் நீரில் ஒரு பங்கைக் கழிவாக ஒதுக்கி, நன்மை தரும் உப்புகளையும் சேர்த்தே அகற்றுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் உருளையில் நீர் கரியைத் தொட்டுக் கடக்கும் நேரம் சில நொடிகளே என்பதால், அதன் எல்லை அதன் வடிவத்திலேயே அமைந்துவிடுகிறது.

எஞ்சி நிற்பது உரை. இங்கே மீமாம்சகருக்கும் நியாய மரபினரான நையாயிகருக்கும் இடையிலான பழைய பிணக்கு ஒன்று உயிர்பெறுகிறது. ஓர் அறிவு தோன்றும்போதே செல்லுபடியாவது, அதை மறுக்கும் வேறோர் அறிவு எழும்வரை ஐயுறத் தேவையில்லை என்பது மீமாம்சகரின் கொள்கை. ஒவ்வோர் அறிவுக்கும் சான்று தேடினால் அந்தச் சான்றுக்கும் சான்று தேட வேண்டிவரும் என்ற அவர்களின் எச்சரிக்கை நியாயமானது, குடிக்கும் ஒவ்வொரு குவளை நீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பி எவரும் வாழ முடியாது. நையாயிகரோ அறிவின் செல்லுபடி அதன்வழிச் செயல் பயன்தருவதால் தெரியவரும் என்றனர்; நீர் என்று கருதிச் சென்றவனின் தாகம் தணிந்தால் அவ்வறிவு மெய். பலவகை அறிவுக்கு இது போதுமானது. எனினும் ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்து தீங்கு செய்யும் பொருளின் முன் இந்த அளவுகோல் உதவுவதில்லை, ஏனெனில் நஞ்சு கலந்த நீரும் தாகத்தைத் தணிக்கவே செய்கிறது.

நையாயிகர் வேறொரு வழியையும் திறந்து வைத்திருந்தனர், இச்சிக்கலுக்கு அதுவே பொருந்துகிறது. கௌதமரின் நியாய சூத்திரம் உரையளவையை ஆப்தனின் மொழி என்று வரையறுக்க, உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்கு, அதாவது நம்பத்தக்கவனுக்கு, மூன்று இலக்கணங்களைக் கூறுகிறார். பொருளை அவன் நேரே அறிந்திருக்க வேண்டும். உயிர்களிடத்து இரக்கம் உடையவனாக இருக்க வேண்டும். உள்ளதை உள்ளவாறே சொல்லும் விருப்பம் உடையவனாக இருக்க வேண்டும். மருத்துவ நூலின் சொல் சோதித்த இடங்களில் மெய்யாவதால் அதைச் சொன்னோரின் நம்பகம் விளங்குவதைப் போல வேதத்தின் நம்பகமும் விளங்கும் என்று அம்மரபு வாதித்தது. வேதத்தைப் பற்றிய முடிவை ஏற்காதவரும் அந்த வாதத்தின் அமைப்பை மதிக்க முடியும்: உரையை நம்புவதற்கு, உரைத்தவரைச் சோதித்த வரலாறு அடிப்படையாகிறது.

வடிகட்டிகளின் உலகில் இவ்வுரை சான்றிதழ் வடிவில் வருகிறது. என்எஸ்எஃப்/ஆன்சி 42 என்னும் தரநிலை குளோரின், சுவை, மணம் ஆகியவற்றைப் பற்றியது, 53 உடல்நலத்துக்குத் தீங்கானவற்றைப் பற்றியது, 58 ஆர்.ஓ. கருவிகளுக்கு உரியது, 401 மருந்தெச்சங்கள் போல் அண்மையில் கவனத்துக்கு வந்த சில பொருள்களுக்கு உரியது. 42 மட்டும் பெற்ற உருளை ஈயத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 53 பெற்ற உருளையும் தன் செயல்திறன் தாளில் பெயர் குறித்த பொருள்களை மட்டுமே அகற்றுவதாகச் சொல்கிறது. அத்தாளில் ஆர்செனிக் இல்லையெனில் ஆர்செனிக்கைப் பற்றி அது வாய் திறக்கவில்லை என்பதே பொருள். சொன்னதைச் சொல்லாததன்மேல் ஏற்றுவது கேட்போரின் பிழை. சான்றிதழ் முத்திரையைப் போலியாக அச்சிட்ட உருளைகள் சந்தையில் உலவுவது வேறுவகை. அங்கே இரக்கமும் உண்மை சொல்லும் விருப்பமும் அற்ற வாய் ஆப்தனின் வேடம் பூணுகிறது.

ஆய்வகத்தில் சோதித்த உருளைக்குச் சொன்னது வீட்டில் பொருத்திய உருளைக்கும் பொருந்துமா என்ற ஐயம் 2019 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் வெடித்தது. பழைய ஈயக் குழாய்களால் நீர் கெட்டிருந்த அந்நகரில் ஈயத்தை அகற்றுவதாகச் சான்றளிக்கப்பட்ட வடிகட்டிகள் பல்லாயிரக்கணக்கில் வழங்கப்பட்டிருந்தன. சோதித்த மூன்று வீடுகளில் இரண்டில் வடிகட்டிய நீரிலும் ஈயம் கூட்டாட்சி அரசின் நடவடிக்கை வரம்பைத் தாண்டியிருந்தது. அச்சான்றிதழுக்கான சோதனை லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் ஈயம் கலந்த நீரைக் கொண்டு நடத்தப்படுவது; அதைவிட மிகுந்த ஈயம் வரும் வீட்டைப் பற்றி அச்சான்றிதழ் எதுவும் சொல்லவில்லை. பின்னர் விரிவாகச் சோதித்தபோது, முறையாகப் பொருத்திப் பயன்படுத்திய வடிகட்டிகளில் மிகப் பெரும்பாலானவை ஈயத்தை உரிய வரம்புக்குக் கீழே கொண்டுவந்தது உறுதியானது. உரை பொய்க்கவில்லை, ஆயினும் மூன்று வீட்டுச் செய்தியைக் கேட்டு புட்டிநீருக்காக வரிசையில் நின்ற மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவதும் முறையாகாது. முன்பு நீர் நலமாக உள்ளது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒருமுறை பொய்த்த வாயின் அடுத்த சொல்லை ஆராயாமல் ஏற்க எந்த அளவை நூலும் பணிக்கவில்லை.

வில்மிங்டனில் 2022 அக்டோபரில் நகரச் சுத்திகரிப்பு நிலையமே செயலூட்டிய கரி நிரப்பிய ஆழமான வடிதொட்டிகளை இயக்கத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியின் உருளையில் இருப்பதும் அதே வகைப் பொருள்தான். நிலையத்தில் நீர் கரியோடு நிமிடக்கணக்கில் தங்குகிறது. வெளிவரும் நீர் மீண்டும் மீண்டும் அளக்கப்படுகிறது. கரியை எப்போது மாற்றுவது என்பதை அந்த அளவீடே முடிவு செய்கிறது, முடிவுகள் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. வீட்டு உருளையில் அந்த முடிவை எடுப்பது நாட்காட்டி. அளந்து சொல்லும் ஒருவர் பொதுக் கடமையாக அமர்த்தப்பட்டிருக்கும் ஊரில் ஆர்.ஓ. வாங்க முடிந்த வீட்டாரும் முடியாத வீட்டாரும் ஒரே உரையைக் கேட்டுக் குடிக்கின்றனர். அப்படி ஒருவர் இல்லாத ஊரில் ஒவ்வொரு வீடும் தன் விளக்கின் நிறத்தை நம்பியிருக்கிறது.