கடல் தாண்டிய மேளம்

சுரக்குடியில் ஒரு நாகசுரக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனாருக்கு நாகசுரம், மூத்த பிள்ளைக்கும் அதுவே, மைத்துனருக்குத் தவில், மீசை அரும்பாத கடைக்குட்டிக்குத் தாளம். திருநள்ளாற்று உற்சவம், காரைக்கால் மாங்கனித் திருவிழா, ஆவணி, தை முகூர்த்தங்கள் என்று பிழைப்பு ஓடுகிறது. ஒருநாள் பாரிசிலிருந்து அழைப்பு வருகிறது. அந்த வட்டாரத்தில் இது பெரிய அதிசயம் அல்ல. 1954 நவம்பர் முதல் தேதி வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் அது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இன்றும் அங்கே நிறைய. "குடும்பத்தோடு வாருங்கள். பத்து ஊர்களில் மேடை. போக வரச் செலவு எங்களுடையது" என்கிறார்கள்.

வீட்டு அம்மாள் கேட்கிறாள்: "அங்க யாருங்க இதை உக்காந்து கேக்கப் போறாங்க?"

அவர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்கிறார்: "இங்க மட்டும் யாரு கேக்கறாங்க?"

கதைக்காக நான் கட்டிய பேச்சுத்தான். ஆனால் இந்த இரண்டு கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு, "கலை உலகப் பொதுச் சொத்து" என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கலையைக் கப்பலில் ஏற்றலாம், விமானத்திலும் ஏற்றலாம். கேட்கிற காதை யார் ஏற்றி அனுப்புவது?

இந்தப் பிரயாணத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1838-ஆம் ஆண்டு தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஓர் ஒப்பந்தம் எழுதி, எட்டுப் பேரைக் கப்பலேற்றினார். கடலூருக்கு அருகே திருவந்திபுரத்துப் பெருமாள் கோயிலைச் சேர்ந்த தாசிகள் ஐவர், வாத்தியக்காரர் மூவர். உறவும் தொழிலும் பின்னிக்கிடந்த ஒரு சின்ன மேளம். தில்லம்மாள் மூத்தவள், அவளுக்கே முப்பது வயதுதான். அம்மணிக்குப் பதினெட்டு இருக்கும். வேதம் என்ற சிறுமிக்கு ஆறு என்று பாரிஸ் பத்திரிகைகள் எழுதின. ஆகஸ்டில் பாரிசின் வரியேத்தே நாடகசாலையில் ஆடினார்கள். அக்டோபரில் லண்டனில் அடெல்ஃபி நாடகசாலையில் ஆடினார்கள். தென்னாட்டுக் கோயில் ஆட்டம் ஐரோப்பிய மேடையைக் கண்டது அப்போதுதான்.

நகரமே திரண்டது. தெயோஃபில் கோத்தியே என்ற பெரிய எழுத்தாளர் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணியை வெண்கலத்தில் சின்னப் பதுமையாக வார்த்தார். இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும் என்று தோன்றும். ஆனால் கோத்தியே எதைப் பற்றி எழுதினார்? அம்மணியின் நிறம், கண், மூக்குத்தி, கூந்தல், கை கால்களின் வனப்பு. அபிநயத்தில் கை என்ன சொல்லிற்று என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பதத்தின் சொல் புரியாது. பாட்டையும் தாளத்தையும் பற்றி எழுதியவர்களில் பலர் பொறுமை இழந்தே எழுதினார்கள். இவ்வளவு தூரம் வந்த சங்கீதம் அவர்களுக்கு ஒரு தொந்தரவு. கண்ணுக்கு விருந்து கிடைக்கும்போது காதில் விழுந்துகொண்டிருந்த ஓசை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பாரிஸ் ஏற்கெனவே தன் தேவதாசியைப் பார்த்து முடித்திருந்தது. 1830-இலேயே ஓபெர் என்பவர் சங்கீதம் அமைத்த ஒரு ஓபராவில் மரீ தாலியோனி என்ற புகழ்பெற்ற நர்த்தகி இந்தியத் தாசியாக ஆடிவிட்டாள். வெள்ளை மெல்லுடை, நுனிக்காலில் மிதப்பு. எட்டு வருஷம் கழித்து அசல் ஆட்கள் வந்து இறங்கி, அரை மண்டியில் அமர்ந்து பூமியை மிதித்தபோது, ஜனங்கள் அசலைக் கொண்டு நகலை அளக்கவில்லை; நகலைக் கொண்டு அசலை அளந்தார்கள். தங்கள் கனவுக்கு எவ்வளவு பொருந்துகிறாள் என்று பார்த்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை அம்மணிக்கு என்று எடுத்துக்கொள்வதா, தாலியோனிக்கு என்று எடுத்துக்கொள்வதா?

காரைக்கால் என்றதும் எனக்கு இன்னொரு பெண்ணின் நினைவு வருகிறது. புனிதவதியார், கட்டிய கணவன் தெய்வமென்று அஞ்சி விலகிய பின், இந்த அழகுச் சதை எனக்கு இனி எதற்கு என்று கழற்றிப் போட்டுப் பேயுருவை வேண்டிப் பெற்றதாகப் பெரிய புராணம் சொல்கிறது. அதன்பிறகு அவர் பாடினார். ஆலங்காட்டில் ஆடுகிற பெருமான் திருவடிக்கீழ் இருந்து பாடிக்கொண்டே இருக்கிறார் என்பது மரபு. பக்தியைப் பற்றிப் பேச நான் இதை எடுக்கவில்லை. பார்க்கப்படுவதைத் துறந்துவிட்டுக் கேட்கப்படுவதை மட்டும் வைத்துக்கொண்ட ஒரு பாடகி அந்த மண்ணில் இருந்தாள் என்பதற்காகச் சொல்கிறேன். அம்மணிக்கு அந்த வசதி இல்லை. அவளுடைய கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு விற்றதே அவள் தோற்றத்தை வைத்துத்தான்.

அப்படியானால் அந்த எட்டுப் பேரும் போயிருக்கக் கூடாது என்று சொல்லுகிறவர்கள் உண்டு. கோயில் கலையைக் கூத்துக்கொட்டகையில் விற்றார்கள் என்பார்கள். மாதச் சம்பளம் தவறாமல் வருகிறவர்களுக்கே இப்படிப்பட்ட தூய்மை எண்ணங்கள் அதிகம் உதிக்கின்றன என்பது என் அனுபவம். ஒப்பந்தம் எழுதி, கூலி பேசி, பிள்ளை குட்டியோடு மாதக்கணக்கில் கடலில் போனவள் தில்லம்மாள். அவள் தன் வித்தையை விற்றாள். வாங்கினவன் வேறு எதையோ வாங்கினதாக நினைத்துக்கொண்டால் அது அவள் குற்றமா? அவள் ஆடினது அவளுடைய ஆட்டந்தான். இந்த மட்டில் நான் அவள் கட்சி.

அந்த நாகசுரக்காரருடைய எதிர்க்கேள்விதான் எனக்குத் தொல்லை கொடுக்கிறது. இங்கே மட்டும் யார் கேட்கிறார்கள்? நம் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த வாத்தியம். காவிரிப் படுகையின் கொறுக்கையைப் பதப்படுத்திக் கட்டிய சீவாளி. பத்து வருஷ சாதகம். அவர் தோடியை எடுத்து, தைவதத்தில் ஊன்றி, மெல்ல மேலே ஏறும்போது, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று ஒருவர் விரலை ஆட்டுகிறார். எதற்கு? யாராவது தும்மினால், அமங்கலமாக ஒரு சொல் சொன்னால், அது காதில் விழாமல் இருப்பதற்கு. ஒரு மகா வித்தையை நாம் திரைச்சீலையாக உபயோகிக்கிறோம். பாரிஸ்காரனுக்குச் சங்கீதம் தொந்தரவாக இருந்தது என்று கோபப்படுகிற யோக்கியதை நமக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. அவனுக்குப் பழக்கமில்லாததால் கேட்கவில்லை. நமக்குப் பழகிப்போனதால் கேட்கவில்லை.

அதே காரைக்காலிலிருந்து இன்னொரு விதமான மேளமும் கடல் தாண்டிற்று. அதற்கு அழைப்பு இல்லை, மேடையும் இல்லை. அடிமை முறையை 1848-இல் ஒழித்த பிரெஞ்சு அரசு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் தேடிற்று. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம் ஜனங்கள் 1853-இல் மார்த்தினீக் தீவிலும், 1854-இல் குவாதலூப்பிலும் போய் இறங்கத் தொடங்கினார்கள். ரெயூனியனுக்கு அதற்கு முன்பே போயிருந்தார்கள். வித்வான்கள் அல்ல, வெட்டவும் சுமக்கவும் போனவர்கள். ஆனால் பறையும் மத்தளமும் அவர்களோடு போயின. இன்று அந்தப் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வராது. இருந்தும் மாரியம்மன் அங்கே மாலியெமின் என்ற பெயரில் பூசை வாங்குகிறாள்; மத்தளம் "மத்தலோன்" ஆயிற்று; தெருக்கூத்து, நாடகம் என்ற சொல் தேய்ந்து, குவாதலூப்பில் "நத்ரோன்" ஆகி, ரெயூனியனில் "நார்ல்கோன்" ஆகி நிற்கிறது. யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு கேட்காத வாசிப்பு அது. வாசித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. அந்த ஒரு காரணத்தால் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் சாகாமல் கிடக்கிறது. பாரிஸ் முழுவதும் கைதட்டிய ஆட்டத்திலிருந்து ஒரு வெண்கலப் பதுமையும், கோத்தியே பின்னால் 1858-இல் எழுதிய சகுந்தலை பாலே போன்ற சில கனவுகளும் மிஞ்சின.

ஆனால் இதை வைத்து, வெளியார் காது எப்போதும் அடைபட்டதே என்று முடிவு கட்டிவிடலாகாது. பாலசரஸ்வதியின் குடும்பம் இருக்கிறது. 1961-இல் டோக்கியோவில் ஆடிவிட்டு, 1962-இல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். மிருதங்கத்துக்குத் தம்பி ரங்கநாதன். புல்லாங்குழலுக்கு இன்னொரு தம்பி விசுவநாதன். தில்லம்மாள் போன வழியில், அதே மரபிலிருந்து, ஒரு குடும்ப மேளம். இடையில் 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் நின்றுபோயிருந்தது. அந்தக் குலத்தின் கலையை வாங்கிக்கொண்டு குலத்தை மட்டும் வாசலில் நிறுத்துகிற பெரிய மனிதர்களையும் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

அவர்கள் வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது. சென்னையில் தனம்மாள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வீணை வாசிப்புக்குப் பெரிய வித்வான்கள் எல்லாம் போய் உட்காருவார்கள். அங்கே ஒரு சின்னச் சத்தம் கூடாது. கேட்பவனுக்கும் ஒரு கடமை உண்டு என்பது எழுதாத சட்டமாக இருந்த வீடு. அந்த வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் போனபோது மேடையோடு நின்றுவிடவில்லை. ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் அதற்கு முன்பே சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றிருந்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ரங்கநாதனுக்கு ஆசிரியர் ஆசனம் கிடைத்தது. விசுவநாதனிடம் பாடக் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் சென்னைக்கு வந்து, 1965-இல் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில் பாடினார். காவிரிக்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வெள்ளைக்காரரைக் "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவர்களுக்கும் முதல் சீட்டுகள் அழகுக்கும் புதுமைக்கும்தான் விற்றிருக்கும். அதில் சந்தேகம் வேண்டாம். அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் மறுநாள் மறந்திருப்பார்கள். ஆனால் 1987-இல் காலமாகும் வரை ரங்கநாதன் கனெக்டிகட்டில் அந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார். பனி கொட்டுகிற அந்த ஊரில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு புதுப் பையன் தரையில் சம்மணமிட்டு உட்கார முடியாமல் உட்கார்ந்து, மடியில் மிருதங்கத்தைக் கிடத்தி, "தத் தித் தொம் நம்" என்று முதல் பாடத்தை ஆரம்பிப்பான்.