பெயரறியாதவளும் பெயர் கேளாதவரும்

எங்கள் பாடசாலைத் தமிழ்மன்றத்தில் ஆண்டுதோறும் "நான் யார்?" என்றொரு போட்டி நடைபெறுவதுண்டு. வரலாற்று மாந்தர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கூற, அவர் யாரென மாணவர் ஊகித்துரைத்தல் வேண்டும். "1803, முல்லைத்தீவுக் கோட்டை" என்று வாய் திறந்தாலே போதும்; பண்டாரவன்னியன் பெயரை மண்டபமே முழங்கும். அவனைத் தோற்கடித்தவரின் வெற்றியைக் கூற நாட்டப்பட்ட கற்சிலைமடுக் கல்லும் அவன் பெயரைச் சொல்லாமல் விடவில்லை. வாளேந்தியவன் தோற்றாலும் அவனுக்கொரு கல் உண்டு.

சென்ற முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெண்ணொருத்தியைப் பற்றி வினவினேன். "1796இல் அமெரிக்காவிற் பிறந்தேன். 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினேன். 1833இல் யாழ்ப்பாண மண்ணிலேயே உயிர் நீத்தேன். நான் யார்?" மண்டபம் அமைதியாயிற்று. ஈற்றில் ஒரு மாணவன் எழுந்து, "வின்ஸ்லோவின்ர மனுசி, ரீச்சர்" என்றான். எல்லோரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு அவ்விடை என்னை உறங்க விடவில்லை.

அவன் கூறியது தவறன்று. 1862இல் வெளிவந்த பெரும் தமிழ்–ஆங்கில அகராதியால் மைரன் வின்ஸ்லோவின் பெயரைத் தமிழ் கற்றோர் அறிவர். பாடசாலை நிறுவிய அவர் மனைவி ஹரியட்டின் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? அக்கால வழக்கும் அதுவே. கடல் கடந்து வந்த அமெரிக்கப் பெண்கள் "திருமதி" என்னும் சொல்லுக்குப் பின்னே கணவன் பெயரால் எழுதப்பட்டனர். மணமாகாதிருந்து, 1840 முதல் 1879 வரை உடுவிலில் உழைத்த எலைசா அக்னியூ போன்றோரே தம் பெயராலே அறியப்பட்டனர்.

ஹரியட்டிடம் கற்க வந்த நம் பெண்பிள்ளைகள் நிலை யாது? பிள்ளையின் படிப்புக்குப் பணம் உதவிய அமெரிக்கரின் பெயரையே அப்பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் மிஷன் பாடசாலைகளில் இருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்களின் முற்பகுதி அவ்வாறு வந்ததே. அவ்விருவரும் கல்விமான்களாய் விளங்கியதால் அவர்தம் தமிழ்ப் பெயரும் நிலைத்தது. உடுவில் மாணவியரும் அவ்வாறே பெயர் பெற்றனர். நூல் எழுதவோ பதவி வகிக்கவோ வாய்ப்பற்ற அப்பெண்களிற் பலரின் முதற்பெயர், தாய் தொட்டிலில் இட்டு அழைத்த பெயர், எங்கே போயிற்று? கணவன் பெயருள் மறைந்தவள் ஒருத்தி. கொடையாளி பெயருள் மறைந்தவள் இன்னொருத்தி. இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர்.

அமெரிக்க நாட்டிலோ இதனினும் கொடிய மறைப்பு நிகழ்ந்தது. 1850 வரை அந்நாட்டுக் குடிசன மதிப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே பதியப்பட்டது. 1850இல் சுதந்திர மக்கள் அனைவரின் பெயரும் எழுதப்பட்டபோது, அடிமைகளுக்குத் தனி ஏடு வைத்தனர். அதில் எசமானின் பெயர் உண்டு. அடிமையின் வயது, பால், நிறம் உண்டு. பெயர் பெரும்பாலும் இல்லை. 1860இலும் அவ்வாறே. அறியாமல் விடுபட்ட பெயர்கள் அல்ல அவை. பெயர் எழுதினால் பொருள் மனிதராகிவிடுமன்றோ!

இங்கேதான் அறம்பற்றிய வினா எழுகிறது. இவ்வாறு மறைந்த ஒருத்தியை "இவள் இன்னாளாக இருக்கலாம்" என நாம் ஊகிப்பது அவளுக்குச் செய்யும் நீதியா, மற்றுமோர் அநீதியா?

1861இல் அமெரிக்காவில் "ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்க்கை நிகழ்ச்சிகள்" என்னும் பொருள்படும் நூலொன்று வெளிவந்தது. லிண்டா பிரென்ட் என்பவள் தன் கதையைத் தானே கூறுவதாக அது அமைந்திருந்தது. முகப்பில் பதிப்பாசிரியராக லிடியா மரியா சைல்ட் என்னும் புகழ்பெற்ற வெள்ளை எழுத்தாளரின் பெயர் இருந்தது. பிற்காலத்து அறிஞர் பலர், இது சைல்டின் கற்பனை நூலே என்று ஊகித்தனர். ஓர் அடிமைப் பெண்ணால் இவ்வாறு எழுத இயலுமா என்பதே அவர்தம் ஐயம். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் என்னும் ஆய்வாளர் பழைய கடிதங்களைத் துருவி ஆராய்ந்து, அதனை எழுதியவள் ஹரியட் ஜேக்கப்ஸ் என்று ஐயமற நிறுவினார். பாட்டி வீட்டுக் கூரையடியில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத இடுக்கில், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்து தப்பியவள் அவள். ஊகித்தவர்கள் அவளைப் பற்றி ஒன்றையும் சொல்லவில்லை; தம் மனத்தையே வெளிக்காட்டினர். தெரியாத இடத்தை நம் எண்ணத்தால் நிரப்புவோமாயின், பெயர் பறிகொடுத்தவளிடம் எஞ்சியதையும் பறித்தவராவோம்.

தமிழ் கற்றோரும் இக்குற்றத்துக்குப் புறம்பானவரல்லர். சங்கப் பெண்பாற் புலவர் எத்தனை பேர் என்பதில் அறிஞர்க்குள் ஒருமை இல்லை. "ஆர்" என்னும் மரியாதை விகுதி ஆணையும் பெண்ணையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. ஐயமுள்ள இடத்தில் ஆணெனக் கொள்வதே இயல்பு என்று நாம் பழகிவிட்டோம். அப்பழக்கமும் ஓர் ஊகமே. ஊகமென்று ஒப்புக்கொள்ளப்படாத ஊகம்.

ஜேக்கப்ஸின் கதை இன்னொன்றையும் உணர்த்துகிறது. அப்புனைபெயரைச் சூடியவள் அவளே. மறைக்கப்பட்டவள் வேறு, தானே மறைந்துகொண்டவள் வேறு. 2009க்குப் பின் வன்னியில் வாழும் நமக்கு இவ்வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை. தன் கடந்தகாலத்தைப் பற்றி வாய் திறவாத பெண்கள் நம் ஊர்களில் உண்டு. அவள் யார், எங்கிருந்தாள், என்ன செய்தாள் என்று வேலிக்கு அப்பால் நின்று ஊகிப்பது வரலாற்று ஆர்வமன்று, கொடுமை. இறந்து நூறாண்டு கடந்தவளின் பெயரைத் தேடுவது கடமை. உயிரோடிருப்பவள் மூடிய கதவைத் தட்டாதிருப்பதும் கடமையே.

போட்டி முடிந்த மறுநாள், என் வகுப்பு மாணவரிடம் ஒவ்வொருவரும் தம் தாயின் பாட்டியின் பெயரை எழுதுமாறு கூறினேன். முப்பத்தொருவரில் நால்வரே எழுதினர். "பூட்டியைப் பூட்டி எண்டுதான் கூப்பிட்டவை, ரீச்சர். பேர் ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் ஒரு சிறுமி. ஒரு வார அவகாசம் கொடுத்து, வீட்டிலும் அயலிலும் கேட்டுவரச் சொன்னேன். பத்தொன்பது பெயர்கள் வந்தன. 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவளின் பெயர் அவற்றுள் ஒன்று. எஞ்சிய பன்னிருவர்க்குக் கேட்க ஆளில்லை. இடப்பெயர்வில் பத்திரங்களும் படங்களும் போய்விட்டன. ஆயினும் அந்தப் பதினைந்து புதிய பெயர்களும் தொலைந்திருக்கவில்லை. கேட்கப்படாமல் இருந்தன, அவ்வளவே.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டம் தொடங்கினர். ஆண்டுகள் பல கடந்தன. விடை கிடையாமலே கண்மூடிய தாய்மார் பலர். அவர்கள் கையில் ஏந்திய படங்களின் கீழே மகன் பெயர், மகள் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஏந்தியவளின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? செய்தித்தாளும் "தாய் ஒருவர்" என்று எழுதிக் கடந்துபோயிற்று. நூறாண்டு கழித்து எவரோ ஒரு மாணவர் அந்தப் படத்தைப் பார்த்து, "இவள் யார்?" என்று ஊகிக்க நேருமாயின் அக்குற்றம் காலத்தினது அன்று, அருகிலிருந்தும் கேளாத நம்முடையது.

இறந்தவளைப் பற்றி ஊகிக்க வேண்டின் ஊகிப்போம். ஊகமென்று சொல்லியே ஊகிப்போம். இருப்பவளிடம் ஊகம் எதற்கு? திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவளின் அருகே சென்று, "உங்கட பேர் என்ன, அம்மா?" என்று கேட்போம். அவள் விரும்பிச் சொன்னால், அச்சொல்லை அப்படியே எழுதிவைப்போம்.