பாரசீகப் பூனையின் மூக்கு யாருக்காக?

பூனை தொடர்ந்து தும்மினால் பெரும்பாலும் காரணம் வைரஸ்தான். ஹெர்பீஸும் கலிசியும் அவற்றில் முதன்மையானவை. ஹெர்பீஸ் நரம்புக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். வீடு மாறுவது போன்ற கலக்கம் நேர்ந்தால் மறுபடி தலைகாட்டும். செம்பழுப்புப் பூனையின் மூக்கில் வயதோடு வரும் கரும்புள்ளிகள் பொதுவாகத் தீங்கற்றவை. வெள்ளைப் பூனையின் மூக்கில் ஆறாத புண் இருந்தால், அது வெயிலால் வரும் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

இவையெல்லாம் இயற்கையில் நேர்பவை. பாரசீகப் பூனையின் தட்டை முகமோ மனிதர் அழகென்று கருதி, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைசேர்த்து உண்டாக்கியது. அதற்கு விலையாகப் பூனைக்குக் கிடைத்தவை குறுகிய மூக்குத்துளை, கோணிய கண்ணீர்க்குழாய், இரைச்சலான மூச்சு.

கண்ணுக்கு அழகாக இருக்க ஓர் உயிரின் மூச்சைக் குறுக்கலாமா?

17ஆம் நூற்றாண்டில் தத்துவஞானி தெகார்த் விலங்குகளை இயந்திரங்களோடு ஒப்பிட்டார். 1789இல் வெளிவந்த நூலில் தத்துவஞானி ஜெரமி பெந்தம், விலங்குகளை எப்படி நடத்துவது என்ற கேள்வியையே மாற்றினார்: பகுத்தறிவோ பேச்சோ அல்ல, துன்பத்தை உணரும் திறனே அளவுகோல். அந்த அளவுகோலை ஏற்பவர்கள் குட்டி வாங்கும்போது விலைக்கும் நிறத்துக்கும் முன்னால் மூக்கைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறும் பூனையை இனப்பெருக்கத்துக்கு விடாதிருப்பது வளர்ப்பவரின் கடமை. அப்படி விடவில்லை என்று அவரிடம் கேட்டறிந்து வாங்குவது வாங்குபவரின் கடமை.