பதினேழாம் நாள்

எத்தனை நாளாய் உன் வீட்டுக் கதவு சாத்திக் கிடக்கிறது?

துக்கம் கேட்க வந்தவர்கள் பதினாறாம் நாளோடு போய்விட்டார்கள். பந்தலைப் பிரித்தாயிற்று. வாடகை நாற்காலியும் திரும்பிப் போயாயிற்று. உள்ளே நீ. உன் பிள்ளை. நடுவில் யாரும் வாய் திறந்து பேசாத ஒரு சாவு.

"எங்க வீட்டுக் கஷ்டம், நாங்களே பாத்துக்கறோம்" என்கிறாய்.

எங்கே பார்த்துக்கொண்டாய்?

படுக்கையை நனைப்பதை என்றோ நிறுத்திவிட்ட நாலு வயதுப் பிள்ளை மறுபடி நனைக்கிறது. வாய் ஓயாமல் பேசிய பிள்ளை இப்போது தலையை மட்டும் ஆட்டுகிறது. நீ தண்ணீர் மோக்க எழுந்தாலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. பார்த்தாயா, இல்லையா?

"சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்?"

தெரியும்! எல்லாம் தெரியும்! சொல்லத்தான் தெரியாது!

1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய் சில நிமிடம் முகத்தில் ஓர் அசைவும் காட்டாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

குழந்தை சிரித்துப் பார்த்தது. கையை நீட்டியது. குரல் கொடுத்துக் கூப்பிட்டது. அம்மாவின் முகம் அசையவில்லை. பிள்ளை துவண்டுபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சில நிமிடத்துக்கே அந்தப் பாடு. உன் முகம் எத்தனை மாதமாய்க் கல்லாகிக் கிடக்கிறது?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அடி அப்படி. அந்தக் கல்லை நீ தனியாகப் புரட்ட முடியாது என்றுதான் சொல்கிறேன். யாராலும் முடியாது. ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்!

"எங்களுக்கு விழுந்த அடி யாருக்கும் விழுந்திருக்காது" என்கிறாயா?

நாகப்பட்டினத்தைக் கேள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று கரையோர ஊர்களில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயிற்று சுனாமி அலை. ஒரே குழியில் பல உடல்கள். மாரடித்து ஒப்பாரி வைக்கக்கூட வழியில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட கடல், இரைச்சல் கேட்டாலே பிள்ளைகள் நடுங்கும் கடலாகிவிட்டது.

அந்த ஊர்கள் எழுந்தனவா, இல்லையா?

எழுந்தன! அரிசி வந்தது, படகு வந்தது, வீடு வந்தது. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

பெங்களூருவிலிருந்து நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனத்தின் நிபுணர்கள் வந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? இத்தனை ஆயிரம் குடும்பங்களுக்கு எத்தனை டாக்டர்கள் வந்தாலும் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தந்த ஊர் மனிதர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

என்ன பயிற்சி? பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூட உட்கார். காது கொடுத்துக் கேள். குறுக்கே பேசாதே. அழுதால் அழவிடு. கை வேலையில் பழகட்டும். கோயிலோ மாதாவோ தர்காவோ, மனம் போகிற இடத்துக்குக் கூட்டிப் போ. பிள்ளையை விளையாட விடு.

விளையாட விடு! இதை மட்டும் இரண்டு தடவை சொல்கிறேன்.

பேரழிவைக் கண்ட பிள்ளை அந்த அழிவையே விளையாடும். மணலில் வீடு கட்டி, அலை வருது என்று கத்தி, தானே இடித்துத் தள்ளும். பெரியவர்களுக்கு நெஞ்சு பதறும். அதட்டி நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதே! வாயால் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளை கையால் சொல்கிறது. பக்கத்தில் போய் உட்கார். இடிந்த வீட்டை மறுபடி கட்ட நீயும் ஒரு பிடி மணல் அள்ளிக் கொடு.

ஒரே மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா அந்த ஊர்களில்? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். தற்காலிகக் கொட்டகை வெயிலில் வெந்துகொண்டு மாதக்கணக்கில் கிடந்தார்கள். குடியில் விழுந்தவர்கள் உண்டு. விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தவர்களும் உண்டு.

இன்றைக்கும் டிசம்பர் 26 வந்தால் மக்கள் கரைக்கு வருகிறார்கள். கடலில் பால் ஊற்றிப் பூத் தூவி அழுகிறார்கள். சேர்ந்து அழுகிறார்கள்! நீ ஏன் தலையணையில் முகம் புதைத்துத் தனியாக அழுகிறாய்?

"யாரைப் போய்க் கேட்பது? வெட்கமா இருக்கு."

எதற்கு வெட்கம்? திருடினாயா?

மூன்று நாள் ஜுரம் அடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாய். மூன்று மாதமாய் உறக்கமில்லை, அதற்கு ஏன் ஓடவில்லை? 14416 என்ற எண் இருக்கிறது. அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கு 1098 இருக்கிறது. செத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் அந்த நொடியே போனை எடு! நாளைக்கு என்று தள்ளாதே!

"இவ்வளவு நாள் எட்டிப் பார்க்காதவங்க இனிமேலா வரப்போறாங்க?"

அவர்கள் ஏன் வரவில்லை தெரியுமா? பயம்! என்ன பேசுவது என்று தெரியாத பயம். பேசப்போய் நீ அழுதுவிடுவாயோ என்ற பயம். கதவுக்கு இந்தப் பக்கம் நீ பயந்து நிற்கிறாய், அந்தப் பக்கம் அவர்கள் பயந்து நிற்கிறார்கள். தாழ்ப்பாள் உன் பக்கத்தில் இருக்கிறது. நீ திற!

ஊரே வர வேண்டாம். ஒருவர் போதும்.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கேடும் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நிமிர்ந்து நின்றார்கள். அன்பும் திறமையும் உள்ள மனிதர்களாக வளர்ந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தது? பாட்டி. அக்கா. பள்ளிக்கூட டீச்சர். பக்கத்து வீட்டுக்காரர். கையை விடாத யாரோ ஒருவர்.

மற்ற இரண்டு பங்குப் பேரை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஒருவர் கிடைக்காமல் போனாரோ!

இப்போது எதிர் வீட்டில் இருக்கும் உனக்குச் சொல்கிறேன். ஆமாம், உனக்குத்தான்! அந்த மூடிய கதவைத் தினமும் பார்த்துக்கொண்டே வண்டியை எடுக்கிறாயே, உனக்கு!

"நான் போய் என்ன சொல்லிடப் போறேன்?"

உன்னை யார் சொல்லச் சொன்னது? துக்கம் கேட்கப் போகிறேன் என்றுதானே நாம் சொல்கிறோம்? துக்கம் தீர்க்கப் போகிறேன் என்றா சொல்கிறோம்? போய்க் கேள்! காது இருக்கிறதா? போதும்!

எழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும் என்று ஏற்பாடு செய்து வைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். பதினாறு நாள் வரை எல்லாரும் வருவார்கள். நீ பதினேழாம் நாள் போ! நாற்பதாம் நாள் போ! பள்ளிக்கூடம் திறக்கிற அன்று போ! "விதி" என்று சொல்லாதே. "இன்னொரு பிள்ளை பெத்துக்கலாம்" என்று ஒருநாளும் சொல்லாதே.

ஒரு தூக்கு நிறைய ரசம் சோறு எடுத்துக்கொள். உன் மகனைக் கையில் பந்தோடு கூட்டிக்கொள். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

கதவைத் தட்டு. திறக்கவில்லையா?

நாளைக்கும் போய்த் தட்டு!