ஒரு நேரம், இரு விலை!

பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நண்பர் ஒருவர், அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு நமக்கு ஒரு காட்சியைக் காட்டினார். மேசையின்மீது இரண்டு மடிக்கணினிகள். வலப்புறம் இருப்பது ஒரு நிறுவனத்துக்குரியது; இடப்புறம் இருப்பது மற்றொரு நிறுவனத்துக்குரியது. இரண்டிலும் அவர் முழுநேர ஊழியர்! இரண்டிலிருந்தும் திங்கள்தோறும் முழு ஊதியம்! ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கூட்டம் கூடினால், ஒரு காதில் ஒரு நிறுவனம், மறு காதில் மறு நிறுவனம். மேலதிகாரி பெயர் சொல்லி அழைத்துவிட்டால், "இணைப்பு சரியில்லை, ஐயா" என்றொரு பொய் ஆயத்தமாக இருக்கும்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே சொன்னவர், முடிவில் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "மேடையேறிப் பகுத்தறிவு பேசுகிறாயே! பாவம், புண்ணியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளாதே. அறிவைக் கொண்டு சொல். நான் செய்வது குற்றமா?"

அன்றிரவு நம்மால் விடை கூற இயலவில்லை. கேள்வி எளிதாகத் தோன்றிற்று; விடை எளிதாக இல்லை. கேள்வி அவர் ஒருவருடையதாகவும் இல்லை. ஆகவேதான் எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டன; வேலை வீட்டுக்கு வந்தது. தரமணியிலும் சிறுசேரியிலும் கண்ணாடி மாளிகைகளில் அமர்ந்திருந்த இளைஞர்கள், சொந்த ஊர்த் திண்ணையிலும் மாடியறையிலும் அமர்ந்து அதே வேலையைச் செய்தனர். மேற்பார்வையாளரின் கண் மறைந்தது. மறைந்த இடத்தில் இரண்டாம் வேலை முளைத்தது. 2022 ஆகஸ்டில் விப்ரோ நிறுவனத் தலைவர் ரிஷத் பிரேம்ஜி, இது அப்பட்டமான ஏமாற்று என்று அறிவித்தார். அடுத்த திங்களில், போட்டி நிறுவனங்களுக்கும் உழைத்துவந்த 300 பேரை வெளியேற்றிவிட்டதாகக் கூறினார். இன்ஃபோசிஸ் நிறுவனம், இரட்டை வாழ்க்கை கூடாதென்று ஊழியர்களுக்கு மடல் விடுத்தது. 2025 ஜூலையில், அமெரிக்கப் புது நிறுவனங்கள் பலவற்றில் ஒரே காலத்தில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர் ஒருவரின் கதை வெளியாயிற்று. அவரும் அதை ஒப்புக்கொண்டார். இப்படி வெளிப்பட்டவர் சிலர். கதவைத் தாழிட்டுக்கொண்டவர் எத்தனை பேரோ!

பழமை இதற்கு விடையை எப்போதோ எழுதி வைத்துவிட்டது. "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே! உப்பிட்டவரை உள்ளளவும் நினை! செஞ்சோற்றுக் கடன் தீர்க்கக் கர்ணன் உயிரையே கொடுத்தான்!" என்று கதை படிக்கும். கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால், தோழர்களே, கதையைச் சற்றே நிறுத்திவிட்டுக் கணக்கைப் பாருங்கள். ஊதியம் யாரிட்ட சோறு? உழைத்தவன் உழைத்ததற்குப் பெற்ற விலை! முதலாளி ஈந்ததன்று, தொழிலாளி ஈட்டியது. விற்றவனும் வாங்கியவனும் சமமாக நிற்கவேண்டிய இடத்தில், ஒருவனை வள்ளலாக்கி மற்றவனை நன்றிக் கடனாளியாக்குவது பண்ணையார் காலத்து வித்தை. பண்ணையாள் தன் உழைப்பை மட்டுமா விற்றான்? தன்னையே விற்றான், தன் பிள்ளையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தான். அந்தக் கொடுமைக்கு எதிராக 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. மாலை ஆறு மணிக்கு மேலும் நீ எனக்குரியவன் என்று ஒரு நிறுவனம் கூறுமானால், அது பண்ணையார் குரல்தான். மொழி மட்டும் ஆங்கிலம்!

ஆகவே, இரண்டாம் வேலை பார்ப்பதே துரோகம் என்ற வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. இயக்குநர் பெருமக்களைப் பாருங்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 165-ஆம் பிரிவு, ஒரே மனிதர் 20 கம்பெனிகள் வரை இயக்குநராக இருக்கலாம் என்கிறது. அவற்றுள் பொதுக் கம்பெனிகள் பத்துக்கு மிகக்கூடாது, அவ்வளவே! மேலிடத்தில் இருபது இருக்கை பெருமை. கீழிடத்தில் இரண்டு இருக்கை குற்றம்!

சொன்ன சொல்லைக் காப்பதைப் பற்றியும் நிறுவனங்கள் பேசுகின்றன. பேசட்டும். 300 பேரை வெளியேற்றிய செய்தி வந்து ஐந்து திங்கள் ஆகுமுன், 2023 பிப்ரவரியில், அதே விப்ரோ, ஆண்டுக்கு ஆறரை இலட்சம் என்று சொல்லி வைத்திருந்த புதிய பட்டதாரிகளிடம், மூன்றரை இலட்சத்துக்கு வர இசைவுண்டா என்று கேட்டது. இளைஞன் சொல் தவறினால் ஏமாற்று. நிறுவனம் சொல் தவறினால் சந்தை நிலவரம்! 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். நம் நண்பருக்கு இரண்டு வேலை. நாற்பதும் நாற்பதும் எண்பது. தொண்ணூறு கேட்பவரின் கணக்கில், நண்பர் இன்னும் பத்து மணி நேரம் சோம்பேறி!

இவ்வளவையும் பிற்பாடு தொலைபேசியில் கூறியபோது நண்பர் மகிழ்ந்தார். "அப்படியானால் நான் குற்றவாளியல்லன்!" என்றார்.

அவசரப்படாதே, நண்பா! முதலாளி யோக்கியனல்லன் என்று மெய்ப்பித்தால், நீ யோக்கியன் என்று மெய்ப்பித்ததாகுமா? ஒருவர் முகத்தில் கரி இருப்பதைக் காட்டியதால் மற்றவர் முகம் வெளுத்துவிடாது.

நண்பர் எண்பது மணி நேரம் உழைத்திருந்தால் நமது கவலை வேறு விதமாக இருந்திருக்கும். அவர் உடம்பைப் பற்றியதாக இருந்திருக்கும். அவர் செய்வது அதுவன்று. காலை பத்து முதல் மாலை ஆறு வரையுள்ள அதே எட்டு மணி நேரத்தை வலப்புறத்துக்கும் விற்கிறார், இடப்புறத்துக்கும் விற்கிறார். ஒரே வயலை இருவருக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தவனை ஊர் என்னவென்று அழைக்கும்?

"நான் விற்பது நேரத்தை அல்லவே, வேலையைத்தானே! வேலையை முடித்துக் கொடுக்கிறேன். எத்தனை மணியில் முடித்தால் அவர்களுக்கென்ன?" என்றார். கூர்மையான வாதம். அது முழுவதும் உண்மையாயின் நாம் வாயடைத்திருப்போம். ஆகவே ஒன்றே ஒன்று கேட்டோம்: "இரண்டு இடத்திலும் ஒரே நாளில் நெருக்கடி வந்தால் என்ன செய்வாய்?"

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார். சென்ற ஆண்டு அப்படி ஒரு நாள் வந்ததாம். இடப்புறத்து வேலையில் இவர் முழுகிக் கிடந்தார். வலப்புறத்தில், இவர் முடித்திருக்க வேண்டிய பகுதி முடியவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண்ணொருத்தி இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து அதை முடித்தாள். தாமதத்துக்கான கண்டனமும் மறுநாள் அவளுக்கே வந்தது. அவள் இவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டிக் கொடுக்க அவளுக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார் என்று நம்பிவிட்டாள்.

தோழர்களே! முதலாளியை ஏய்த்ததாக நண்பர் எண்ணிக்கொண்டிருந்தார். முதலாளியின் இலாபக் கணக்கில் ஒரு பைசாவும் குறையவில்லை. குறைந்தது அந்தப் பெண்ணின் தூக்கம். பளு எப்போதும் கீழ்நோக்கித்தான் இறங்கும். மேலே இருப்பவனை நோக்கி எறிந்த கல், பக்கத்தில் நிற்பவள் தலையில் விழுந்தது.

அங்கேயும் அது நின்றுவிடவில்லை. ஒருவர் ஒளித்தால் எல்லாரையும் சோதிக்கிறார்கள். கணினியின் முன் ஆள் இருப்பதாகக் காட்டத் தானாகவே மவுசை அசைக்கும் கருவிகள் கடையில் விற்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க நிறுவனங்கள் மென்பொருள் வைக்கின்றன. விசைப்பலகையில் வேலை நடப்பதாகப் பொய்க்கோலம் காட்டியதற்காக, அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கிய செய்தி 2024 ஜூனில் வெளிவந்தது. கண்காணிப்புக்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நாமே சாக்கை எடுத்துக் கொடுக்கிறோம். "வீட்டில் இருந்தால் ஏமாற்றுவீர்கள், அலுவலகம் வாருங்கள்" என்று ஓர் ஆணை பிறந்தால், யாருக்கு இழப்பு? கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேலை பார்த்த தாய்க்கு. படியேற முடியாத மாற்றுத்திறனாளித் தோழருக்கு. வீட்டிலிருந்து வேலை என்பது அவர்களுக்குச் சலுகையன்று. அடைபட்ட கதவு திறந்த விடுதலை. நண்பரின் தாழிட்ட அறை, அந்தக் கதவை மீண்டும் அடைக்க உதவுகிறது.

எனவே, எத்தனை வேலை என்று எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டாவது வேலை முதலாவதிலிருந்து எதையேனும் களவாடுகிறதா, அதன் விலையை மூன்றாமவர் கொடுக்கிறாரா என்றே பார்க்கவேண்டும். நாம் ஆசிரியர்; நமக்கும் இத்தகைய விதி உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக்கூடாது என்கிறது. அந்த விதியை நாம் அவமதிப்பாகக் கருதுவதில்லை. வகுப்பில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மாலையில் விற்கத் துணிந்தால், விலை கொடுப்பது ஏழைப் பிள்ளை. அதே ஆசிரியர் மாலையில் கதை எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், ஒரே நாளில் இரு தொழிற்சாலைகளில் ஒருவர் உழைப்பதை 60-ஆம் பிரிவில் தடுத்தது. அந்தத் தடையை அச்சட்டம் வைத்திருந்த இடம், வேலை நேர வரம்பைக் கூறும் அத்தியாயம். நன்றிக் கடன் என்ற பேச்சே அங்கில்லை. மனித உடம்பின் களைப்பே அங்கு பேசப்பட்டது.

இருபது இருக்கை இயக்குநரைப் பற்றிச் சொன்னோம். அவரிடமிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. அதே சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி, வேறெந்தக் கம்பெனிகளில் தமக்குத் தொடர்புண்டு என்பதை அவர் அறிவித்தாக வேண்டும். அவர் இருபதில் அமர்வது வெளிச்சத்தில். நம் நண்பர் இரண்டில் அமர்வது இருளில். இந்த உரிமையை ஏன் அவர் மட்டும் வைத்திருக்கவேண்டும்? வெளிச்சத்தில் அமரும் உரிமையைத் தொழிலாளியும் கேட்கட்டுமே! கேட்டால் கிடைக்காததன்று. 2022 ஆகஸ்டில் ஸ்விகி நிறுவனம், வேலை நேரத்துக்கு வெளியே பிற பணிகள் செய்ய ஊழியர்களுக்கு இடங்கொடுத்துக் கொள்கை அறிவித்தது. இரட்டை வாழ்க்கை கூடாதென்ற இன்ஃபோசிசும், அவ்வாண்டு அக்டோபரில், முன் அனுமதி பெற்று வெளிப்பணி செய்ய இசைந்தது.

"வெளியே சொன்னால் வேலை போய்விடுமே! கல்விக் கடனுக்கு யார் தவணை கட்டுவது?" என்றார் நண்பர். போகலாம். அதை மறைத்து ஆறுதல் கூற நாம் விரும்பவில்லை. ஆனால் நம் முன்னோரை எண்ணிப் பாருங்கள். புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாதென்று நீதிமன்றம் சொன்ன நாளில், அவர்கள் என்ன செய்தார்கள்? இரவில் ஒளிந்து ஒன்று, பகலில் ஊருக்காக ஒன்று என்று இரண்டு மணம் செய்துகொண்டார்களா? பந்தலிட்டு, ஊரைக் கூட்டி, ஒலிபெருக்கி வைத்துச் செய்தார்கள். சொத்துரிமை கேள்விக்குறியாகும் என்று தெரிந்தே செய்தார்கள். 1967-இல் அண்ணாவின் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. ஒளித்துச் செய்திருந்தால் சில குடும்பங்கள் தப்பித்திருக்கும், சட்டம் பிறந்திராது.

ஒளித்து அடைவது ஒருவனுக்குச் சலுகை. வெளிப்படையாகக் கேட்டு அடைவது எல்லார்க்கும் உரிமை. 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி உயர்த்தியது, எட்டு மணி நேரத்தை எவரும் அறியாமல் இருமுறை விற்றுக்கொள்வதற்காகவா? எட்டு மணிக்கு மேற்பட்ட நேரம் என்னுடையது என்று ஊரறியச் சொல்வதற்காக! அதைச் சொல்லச் சங்கம் வேண்டும். ஒப்பந்தத்தில் எத்தனை மணி, எவ்வளவு வேலை என்று தெளிவாக எழுதச் செய்யவேண்டும். ஒரு வேலையின் ஊதியமே குடும்பம் தாங்கப் போதுமானதாக இருக்கவேண்டும். இவற்றைக் கேட்க நாலு பேர் கூடவேண்டும். இருவேலை இரகசியக்காரரால் மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரமுடியாது. தம் பெயர் வெளிப்படுமே என்ற அச்சம் அவரைத் தடுக்கும். அவருக்கு ஊதியம் இரட்டிப்பாயிற்று, வாய் பூட்டப்பட்டது.

தன்மான இயக்கத்து இளைஞரே! நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்த இயக்கம் நமது. கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் காட்டமுடியும் என்ற வாழ்வு, எத்தனை இலட்சம் தந்தாலும், தலை குனிந்த வாழ்வே.

நண்பர் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னாயா என்று மட்டும் மீண்டும் கேட்டிருக்கிறோம். நிறுவனங்களுக்கு விளக்கம் கொடுப்பது பிறகு இருக்கட்டும். முதல் கடன் அவளுக்குத்தான்.